சில வாரம் விட்டுத் திரும்பினால் எல்லாம் மறந்துபோகிறது: வேலைக்குப் போகிறவர்கள் ஓப்பன் வேர்ல்ட் கேம்களை எப்படி ஆடுகிறீர்கள்?

கேள்வி: இரவுநேரப்_பயணி

வணக்கம். எனக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது. 2004-இல் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் வெளிவந்தபோது அதை விடிய விடிய ஆடியவர்களில் நானும் ஒருவன். பிறகு வேலை, குடும்பம் என்று நீண்ட இடைவெளி விழுந்துவிட்டது. இப்போதுதான் மீண்டும் ஒரு கன்சோல் வாங்கியிருக்கிறேன். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று இரவுகள், பிள்ளைகள் உறங்கிய பிறகு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் எனக்கென்று கிடைக்கும். அதற்கு மேல் கண் தாங்குவதில்லை.

பலரும் பரிந்துரைத்ததால் தி விட்சர் 3 என்ற ஓப்பன் வேர்ல்ட் கேமை, அதாவது பெரிய உலகம் ஒன்றில் விருப்பம்போல் சுற்றித் திரியும் வகை கேமை, தொடங்கினேன். கதையின் எழுத்தும் குரல் நடிப்பும் நான் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேலாக இருக்கின்றன. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வெலன் பகுதியில் ஒரு மிஷனின் நடுவே நிறுத்திவிட்டு, அலுவலக நெருக்கடியால் சில வாரங்கள் கழித்துத் திரும்பினால், யாரைத் தேடிக்கொண்டு அங்கே வந்தேன், பை நிறைய இருக்கும் மூலிகைகள் எதற்காகச் சேர்த்தவை, எந்தப் பட்டனை அழுத்தினால் எந்த மந்திரம் வரும் என்று எதுவுமே நினைவில் இருப்பதில்லை. சதுப்புக் கரையில் திரியும் டிரவுனர் என்னும் நீர்ப்பேய்கள் மூன்று சேர்ந்து வந்தாலே நாயகன் ஜெரால்ட் இறந்துவிடுகிறான். கிடைத்த ஒரு மணி நேரத்தில் பாதி, பழையதை நினைவுபடுத்திக்கொள்வதிலேயே போய்விடுகிறது.

மேப்பைத் திறந்தாலோ, எங்கு பார்த்தாலும் கேள்விக்குறிகள். அவற்றை விட்டுவிட்டுக் கதையை மட்டும் தொடர்ந்தால் எதையோ இழக்கிறோமோ என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றாகத் தேடிப் போனால் கதை நகர்வதே இல்லை. என் வயதில் இருப்பவர்கள் இத்தகைய பெரிய கேம்களை நிம்மதியாக ரசித்து ஆட முடிகிறதா, அல்லது சிறிய கேம்களோடு நிறுத்திக்கொள்வதுதான் அறிவுடைமையா? அனுபவத்திலிருந்து சொல்வீர்களானால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: பழைய_சேவ்

நண்பரே, வணக்கம். விட்சர் 3-இன் முதன்மைக் கதையை மட்டும் ஆடினாலே ஏறத்தாழ 50 மணி நேரம் ஆகும். வாரத்துக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், நடுவில் ஒரு வாரம்கூடத் தவறாமல் ஆடினால்தான் ஐந்து மாதத்தில் முடியும். எனவே இடைவெளி என்பது உங்களுக்குத் தற்செயலாக வருவதல்ல. அது வந்தே தீரும். அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டு ஆடுவதுதான் ஒரே வழி என்பது என் கருத்து.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு இரவும் எந்த இடத்தில் நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் முதல் மாற்றம் தேவை. மிஷனின் நடுவே, அதுவும் ஒரு குகையின் உள்ளே, சேவ் செய்துவிட்டுப் போகாதீர்கள். நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஏதேனும் ஓர் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். தேவையற்ற ஆயுதங்களை விற்றுவிட்டு, தேய்ந்துபோன வாளைக் கொல்லரிடம் சரிசெய்துகொண்டு, அடுத்து எந்த மிஷனைத் தொடரப் போகிறீர்களோ அதை ஜர்னல் என்னும் மிஷன் குறிப்பேட்டில் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு, அதன் பிறகு சேவ் செய்யுங்கள். மூன்று வாரம் கழித்துத் திறக்கும்போது பை காலியாக இருக்கும், வாள் கூராக இருக்கும், போக வேண்டிய திசை திரையின் மூலையில் உள்ள மினிமேப்பில் தெரியும். இது அற்பமான யோசனையாகத் தோன்றலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அந்த அரை மணி நேர இழப்பில் பெரும்பகுதி இதனாலேயே மிச்சமாகும்.

திரும்பி வந்த இரவில் நேராக மிஷனுக்குள் நுழையாதீர்கள். சேவ் ஃபைலைத் திறக்கும்போது டேண்டிலியன் என்ற கவிஞனின் குரலில் இதுவரை நடந்த கதை சுருக்கமாக ஒலிக்கும். பலர் அதைப் பட்டனை அழுத்தித் தாண்டிவிடுகிறார்கள். உங்களைப் போன்றவர்களுக்காகவே அது இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். ஜர்னலில் ஒவ்வொரு மிஷனின் கீழும் நடந்தது உரைநடையாக எழுதப்பட்டிருக்கும். அதுவும் படிக்கச் சுவையானது. அதன் பிறகு சாலையோரத்தில் நாய்க் கூட்டத்தையோ கொள்ளையர்களையோ எதிர்கொண்டு பத்து நிமிடம் சண்டையிட்டுப் பாருங்கள். மூளை மறந்ததைக் கை அவ்வளவு எளிதில் மறப்பதில்லை. ஆனால் அதற்கும் சிறிது அவகாசம் தர வேண்டும்.

பட்டன்களைப் பொறுத்தவரை, ஐந்து மந்திரங்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குவென் என்னும் காப்பு மந்திரம் ஒன்றை மட்டும் பழகிக்கொண்டு, அடி விழும் முன் அதைப் போட்டுவிட்டு, விரைவான வாள்வீச்சும் ஒதுங்கித் தப்பும் நகர்வும் மட்டும் கொண்டு இந்த கேமை முழுவதுமாக முடித்துவிடலாம். மூலிகைகளைப் பற்றியும் கவலை வேண்டாம். ஒரு மருந்தை ஒரு முறை தயாரித்துவிட்டால் போதும். அதன் பிறகு பையில் கடுமையான மதுவகை ஒன்று இருந்தால், தியானம் செய்யும்போது தீர்ந்துபோன மருந்து தானாகவே நிரம்பிவிடும். டிஃபிகல்டி எனப்படும் கடினத்தன்மை நிலைகளில் மிகக் கடினமான இரண்டைத் தவிர மற்றவற்றில் தியானமே உயிர்வலுவையும் மீட்டுத் தரும். எனவே டிரவுனர்களிடம் தோற்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. மெனுவில் டிஃபிகல்டியைக் கதைக்கு மட்டும் முதன்மை தரும் நிலைக்கு மாற்றுங்கள். ஆட்டத்தின் நடுவிலேயே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். திரும்பி வந்த முதல் இரவில் குறைத்துவிட்டு, கை பழகியதும் உயர்த்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை: கதை பின்னால் ஸ்கெல்லிகே என்னும் தீவுக் கூட்டத்துக்குச் செல்லும். அங்கே கடல் முழுவதும் கேள்விக்குறிகளாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை கடத்தல்காரர்கள் கடலில் மறைத்துவைத்த பெட்டிகள். படகில் போய், சைரன் என்னும் பறக்கும் அரக்கிகளோடு போராடி எடுத்தால், விற்பதற்கு மட்டுமே பயன்படும் சில்லறைப் பொருள்கள் கிடைக்கும். அவை அத்தனையையும் தயக்கமின்றி விட்டுவிடுங்கள்.

பதில்: திசைகாட்டி

மேலே எழுதிய நண்பர் நிறுத்தும் இடத்தைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் கேள்விக்குறிகளைப் பற்றி மட்டும் எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நம் வயதினரைச் சோர்வடையச் செய்வதில் அவற்றுக்கே பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

2001-இல் ஜிடிஏ 3 வந்தபோது முப்பரிமாண நகரம் ஒன்றில் விருப்பம்போல் ஓட்டித் திரிவதே போதுமான வியப்பாக இருந்தது. மூலையில் இருந்த சிறிய ரேடாரில் சில எழுத்துகள் மட்டுமே தெரியும். 2007-இல் முதல் அசாசின்ஸ் கிரீட் வந்தது. அதில் உயரமான கோபுரத்தின் மேல் ஏறினால், சுற்றியுள்ள பகுதியில் செய்யக்கூடிய வேலைகள் யாவும் மேப்பில் குறிகளாகத் தோன்றும். அந்த முறை பிற நிறுவனங்களுக்கும் பிடித்துப்போனது. 2012-இன் ஃபார் கிரை 3-இல் அதே வேலையை ரேடியோ கோபுரங்கள் செய்தன. அப்போதிலிருந்து மேப் என்பது ஊரைக் காட்டும் படமாக இருப்பதிலிருந்து விலகி, முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலாக மாறத் தொடங்கியது. பகல் முழுவதும் அலுவலகத்தில் பட்டியலைப் பார்த்து வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு, இரவில் இன்னொரு பட்டியலைத் திறந்தால் உற்சாகம் எங்கிருந்து வரும்?

இதற்கு மாற்றாக வந்தவற்றில் என் மனத்துக்கு நெருக்கமானது 2017-இல் நிண்டெண்டோ வெளியிட்ட செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட். அதிலும் கோபுரங்கள் உண்டு. ஆனால் ஏறினால் நிலப்பரப்பின் மேடுபள்ளம் மட்டுமே மேப்பில் விரியும்; எங்கே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. நீங்களே உச்சியில் நின்று, தொலைநோக்கி வழியாகப் பார்த்து, ஆர்வமூட்டும் இடத்தில் நீங்களே ஒரு குறியிட வேண்டும். கேமை உருவாக்கியவர்கள் அதே ஆண்டில் ஜப்பானில் நடந்த செடெக் என்ற கேம் உருவாக்குநர் மாநாட்டில் இதன் பின்னணியை விளக்கினார்கள். குன்று, பாறை, கட்டடம் என எல்லாவற்றையும் வெவ்வேறு அளவிலான முக்கோணங்களாகவே அமைத்தார்களாம். முக்கோணம் தனக்குப் பின்னால் இருப்பதை மறைக்கும். அதே நேரத்தில் ஏறுவதா, சுற்றிக்கொண்டு போவதா என்ற கேள்வியையும் எழுப்பும். சரிவில் நடக்க நடக்க, மறைந்திருந்தது கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்படும். நீங்கள் ஒரு மணி நேரம் ஆடினாலும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதோ ஒன்று தட்டுப்படும்படி நிலமே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. பழைய கதையை நினைவில் வைத்திருக்க வேண்டிய தேவையும் மிகக் குறைவு. கோட்டையில் எதிரி இருக்கிறான் என்பது தெரிந்தால் போதும்.

எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்ற உறுத்தல் இருப்பவர்களுக்கு அந்த கேமே ஒரு பதிலை வைத்திருக்கிறது. உலகம் முழுவதும் 900 கோரோக் விதைகள் மறைந்திருக்கின்றன. ஆயுதம், வில், கேடயம் ஆகியவற்றை வைக்கும் இடங்கள் அத்தனையையும் விரிவாக்க 441 விதைகள் போதும். அதற்கு மேலும் தேடி, 900-ஐயும் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன பரிசு தெரியுமா? சுருள் சுருளாக, பொன்னிறத்தில், சாணத்தைப் போன்ற ஒரு பொருள். அதனால் ஒரு பயனும் இல்லை. ஹெஸ்டு என்ற பாத்திரம் நமக்காக ஒரு நடனம் ஆடிக் காட்டும், அவ்வளவுதான். விதைகளை அவ்வளவு எண்ணிக்கையில் வைத்தது, யார் எந்த வழியில் போனாலும் சில கண்ணில் படட்டும் என்பதற்காகத்தான் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பாதிகூடத் தேடாமல் முடித்தவன் நான். எனக்கு இதுவரை எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை.

2020-இல் வந்த கோஸ்ட் ஆஃப் சுஷிமாவும் உங்களுக்குப் பிடிக்கலாம். அதில் திரையின் மூலையில் மினிமேப்பே கிடையாது. கன்ட்ரோலரின் டச்பேடில் விரலை மேல்நோக்கித் தள்ளினால் காற்று வீசும். புல்லும் இலைகளும் எந்தப் பக்கம் சாய்கின்றனவோ அதுவே போக வேண்டிய திசை. கண் திரையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்காமல் நிலத்தின் மீதே இருக்கும். அசாசின்ஸ் கிரீட் வரிசையிலும் 2018-இன் ஒடிசியில் எக்ஸ்ப்ளோரேஷன் மோடு என்று ஒன்று உண்டு. இலக்கின் மீது நேரடியாகக் குறியிடாமல், இன்ன பகுதியில், இன்ன ஊருக்குத் தெற்கே என்று குறிப்புகளை மட்டும் தந்து நம்மைத் தேடவிடும்.

விட்சர் 3-க்கே திரும்பினால், 2022 டிசம்பரில் வந்த 4.0 அப்டேட்டுக்குப் பிறகு, மேப்பில் கேள்விக்குறிகள் போன்றவற்றை மறைக்க உதவும் வடிகட்டி சேர்க்கப்பட்டுள்ளது. ஒருமுறை அதைப் பயன்படுத்திப் பாருங்கள். வெலன் எவ்வளவு சோகமான, அழகான ஊர் என்பது அப்போதுதான் தெரியும்.

பதில்: மெதுவிரல்

திசைகாட்டி அவர்களின் ரசனையை மதிக்கிறேன்; ஆனால் அவருடைய பரிந்துரை எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் கருதவில்லை. குறிகளை மறைத்துவிட்டுத் தேடிக் கண்டுபிடிப்பது, நேரம் இருப்பவர்களுக்குத்தான் இன்பம். ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் தவறான பள்ளத்தாக்கில் அலைந்துவிட்டுப் படுக்கப் போனால், மறுநாள் எனக்கு எரிச்சல்தான் மிஞ்சும். போன இடத்துக்கு நொடியில் தாவும் ஃபாஸ்ட் டிராவலை நான் கூச்சமின்றிப் பயன்படுத்துகிறேன். ஒரு முறை குதிரையில் போய்ப் பார்த்த பாதையை ஐந்தாவது முறையும் பார்க்க வேண்டும் என்று என்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கேள்வி கேட்டவரின் குறை மறதி. மறதி உள்ளவருக்கு வழிகாட்டும் அம்புக்குறி பகையல்ல.

வயதையும் விரல்களையும் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் பிளாஸ் ஒன் என்ற ஆய்விதழில், 16 முதல் 44 வயது வரையிலான 3,305 ஸ்டார்கிராஃப்ட் 2 வீரர்களின் ஆட்டப் பதிவுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வந்தது. திரையில் ஒன்றைக் கண்டதற்கும் அதற்கேற்பச் செயல்படுவதற்கும் இடையிலான நேரம், ஏறத்தாழ 24 வயதிலிருந்தே நீளத் தொடங்குகிறது என்பது அதன் முடிவு. மூத்த வீரர்கள் எளிமையான உத்திகளைக் கையாண்டு அந்த இழப்பை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள் என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள். அது வேறு வகை கேம் என்பது உண்மை. ஆனாலும் எனக்கு அது ஆறுதலாகவே இருந்தது. இருபத்தைந்து வயதுப் பையனும் சரிவில்தான் இருக்கிறான் என்றால், நாம் கவலைப்பட்டு என்ன ஆகப்போகிறது?

எளிமையான உத்தி என்பதற்கு எல்டன் ரிங் நல்ல எடுத்துக்காட்டு. 2022-இல் வந்த அந்த கேமில் டிஃபிகல்டியை மாற்றும் வசதியே கிடையாது. அதனால் நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றதல்ல என்று பலர் தொடுவதே இல்லை. மார்கிட் என்ற முதல் பெரிய பாஸிடம், அதாவது தனித்த வலிய எதிரியிடம், திரும்பத் திரும்பத் தோற்றுவிட்டு நிறுத்தியவர்களும் ஏராளம். உண்மையில், அவனை விட்டுவிட்டுத் தெற்கே வீப்பிங் பெனின்சுலா பக்கம் சுற்றி, லெவலையும் ஆயுதத்தையும் உயர்த்திக்கொண்டு வந்தால், அதே பாஸ் வேறு ஆளாகத் தெரிவான். எதிரியின் வீச்சைக் கணப்பொழுதில் தட்டிவிடும் பாரி முறையை நான் முயன்றதே இல்லை. பெரிய கேடயமும் நீண்ட ஈட்டியும் வைத்துக்கொண்டு, துணைக்கு ஸ்பிரிட் ஆஷ் ஆவிகளை அழைத்துக்கொள்வேன். அப்படி ஆடுவது இழுக்கு என்று சொல்லும் இளைஞர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டில் எல்டன் ரிங் ஒரு தொல்லை, ஏனென்றால் அதில் சாதாரணமாக நிறுத்தி வைக்க முடியாது. மெனுவைத் திறந்தாலும் எதிரிகள் அடித்துக்கொண்டேதான் இருப்பார்கள். அடுத்த அறையில் பிள்ளை அழுதால், கேமிலிருந்து வெளியேறுவது ஒன்றே வழி. வெளியேறினால் இருந்த இடம் சேவ் ஆகிவிடும் என்பது மட்டும் நிம்மதி. இதற்கு நேர்மாறாக, ஸ்லீப் நிலையில் வைத்துவிட்டு விட்ட நொடியிலிருந்தே தொடரும் வசதி பெரும்பாலான கன்சோல்களில் வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில் உள்ள குவிக் ரெஸ்யூம், பல கேம்களை ஒரே நேரத்தில் அப்படி நிறுத்தி வைக்கிறது. வேலைக்குப் போகிறவர் எந்த கேமைத் தேர்ந்தெடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது கிராஃபிக்ஸை அல்ல. நினைத்த கணத்தில் நிறுத்த முடியுமா என்பதைத்தான்.

அக்ஸஸிபிலிட்டி மெனுவையும் ஒரு முறை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். அது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணி நம்மில் பலர் திறப்பதே இல்லை. 2018-இன் ஸ்பைடர்மேனில், பட்டனை வேகமாகத் தட்டிக்கொண்டே இருப்பதற்குப் பதிலாக அழுத்திப் பிடித்தால் போதும் என்று மாற்றலாம், கட்சீன் எனப்படும் கதைக் காட்சிகளின் நடுவே திடீரென்று பட்டன் கேட்கும் இடங்களைத் தானாகவே கடக்கச் செய்யலாம், புதிர்களைத் தாண்டிவிடலாம். ஜிடிஏ 5-இல் ஒரு சண்டைப் பகுதியில் மூன்று முறை தோற்றால், அதைத் தவிர்த்து மேலே செல்லலாமா என்று கேமே கேட்கும். நாற்பதுக்கு மேல் பலருக்கும் சப்டைட்டிலின் எழுத்தளவை உயர்த்துவது தேவைப்படும். தலைசுற்றல் வருகிறவர்கள், அசையும்போது படத்தை மங்கலாக்கும் மோஷன் பிளரையும், திரையை அதிரவைக்கும் கேமரா ஷேக்கையும் அணைத்துவிட்டு, டிவியிலிருந்து சற்றுத் தள்ளி, அறை விளக்கை எரியவிட்டு ஆடிப் பாருங்கள்.

பதில்: மூன்றாம்_அத்தியாயம்

பட்டன், மேப், நேரம் எல்லாவற்றையும் நண்பர்கள் விரிவாகப் பேசிவிட்டார்கள். இந்த வயதில் ஆடுவதில் நமக்குக் கூடுதலாகக் கிடைப்பது என்ன என்பதையும் ஒருவராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜிடிஏ 5 2013-இல் வந்தது. அதில் மைக்கேல், ஃபிராங்க்ளின், டிரெவர் என மூன்று நாயகர்கள். இளைஞர்களுக்குப் பிடித்தவன் பெரும்பாலும் டிரெவர். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் வெறியாட்டம் ஆடுகிறவன். அவர்களிடம் மைக்கேலைப் பற்றிக் கேட்டால், சதா புலம்புகிறவன் என்பார்கள். ஆனால் நடுவயதில் அதே கேமை ஆடும்போது, மைக்கேலைத்தான் நாம் அடையாளம் காண்கிறோம். பெரிய வீடும் நீச்சல் குளமும் இருக்கின்றன. மனைவியோ மகனோ மகளோ அவனை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. தொடக்கக் கொள்ளைக் காட்சி முடிந்ததும் அவனை நாம் சந்திப்பதே மனநல ஆலோசகரின் அறையில்தான். மகனோடு சைக்கிள் பந்தயம் போகும் அந்தச் சிறிய மிஷனை, துப்பாக்கிச் சண்டைகளுக்கு நடுவே வரும் ஓய்வு என்று இளைஞன் கடந்துவிடுவான். தகப்பனாக இருப்பவனுக்கு அங்கே அந்த இருவரும் பேசிக்கொள்ளும் விதத்தில் சிரிப்பும் வலியும் சேர்ந்தே வரும்.

சாலையில் போகிறவர்களை மோதித் தள்ளுவதில் இருந்த குதூகலம் எனக்கு வயதோடு குறைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அது என்னை நல்லவனாகக் காட்டுவதற்காகச் சொல்வதல்ல, சலிப்புதான் காரணம். இப்போது சிவப்பு விளக்கில் நின்று, ரேடியோவில் வரும் போலி விளம்பரங்களை முழுமையாகக் கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன். அந்த எழுத்தின் நையாண்டி வேலைக்குப் போய், கடன் கட்டி, காப்பீட்டு விற்பனையாளர்களிடம் பேசிய ஒருவருக்குத்தான் முழுமையாகப் பிடிபடும்.

விட்சர் 3-இல் நீங்கள் இருக்கும் வெலனில்தான் பிளடி பேரன் (Bloody Baron) என்று அழைக்கப்படும் உள்ளூர்த் தலைவனின் கதை வருகிறது. குடிப்பழக்கமும் திருமணமும் தகப்பனின் தவறும் கலந்த கதை அது. அதில் நடப்பதைச் சொல்லி உங்கள் அனுபவத்தைக் கெடுக்க மாட்டேன். அந்தத் தலைவனை மன்னிப்பதா வேண்டாமா என்று கேம் எங்குமே தீர்ப்பு சொல்வதில்லை. இருபது வயதில் ஆடியிருந்தால் நான் ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லியிருப்பேன் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அந்தப் பகுதி முடியும் வரையாவது கைவிடாதீர்கள்.

பிறகு மனமிருந்தால் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. கதை 1899-இல் நடக்கிறது. அது மெதுவான கேம், வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்ட கேம். ஆர்தர் மார்கன் ஓர் அலமாரியைத் திறந்தால், உள்ளே இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பைக்குள் வைப்பான். நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். வேட்டையாடிய மானின் தோலை உரிப்பதும், குதிரைக்குப் பிரஷ் போடுவதும் அப்படியே. அவசரக்காரர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கோ, நாள் முழுவதும் மின்னஞ்சல்களுக்கு நடுவே ஓடிவிட்டு வந்து, ஒரு மனிதன் ஒரு வேலையை முழுமையாகச் செய்வதைப் பார்ப்பதே அமைதியைத் தருகிறது. மேப்பில் ஓர் இடத்தைக் குறித்துவிட்டு, குதிரையை ஓட்டத்தில் விட்டு, சினிமா கேமராவுக்கு மாற்றினால், குதிரை பாதையைத் தானே பின்பற்றிச் செல்லும். கன்ட்ரோலரைக் கிட்டத்தட்ட கீழே வைத்துவிட்டு மழை வருவதைப் பார்க்கலாம். சில இரவுகளில் நான் அதைத் தவிர வேறு எதுவும் ஆடுவதில்லை.

ஒரே குறை, தொடக்கம். பனிமலையில் நடக்கும் முதல் அத்தியாயமே ஏறத்தாழ இரண்டு மணி நேரம், அதுவும் கயிறு கட்டி இழுத்தது போல ஒரே பாதையில் போகும். கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கியதைத் திருப்பித் தர, வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருக்க வேண்டும் என்பது விதி. இந்த கேமில் அந்த இரண்டு மணி நேரம் முடியும்போது நீங்கள் இன்னும் உண்மையான திறந்த உலகத்தைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள். எனவே கணினியில் ஆடுகிறவர்கள் திருப்பித் தரலாம் என்பதை நம்பி வாங்க வேண்டாம். நண்பரிடம் ஆடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மறுமொழி: இரவுநேரப்_பயணி

இவ்வளவு பொறுமையாக எழுதிய நால்வருக்கும் என் நன்றி. நேற்று இரவு பழைய_சேவ் அவர்கள் சொன்னபடியே, மிஷனைத் தொடாமல் ஜர்னலை மட்டும் படித்துவிட்டு, டிஃபிகல்டியை ஒரு படி இறக்கி, குவெனை மட்டும் வைத்துக்கொண்டு சதுப்புக் கரைக்குப் போனேன். டிரவுனர்கள் இம்முறை தொல்லை தரவில்லை. கேள்விக்குறிகளையும் மறைத்துவிட்டேன், ஆனால் மிஷனுக்கு வழிகாட்டும் மினிமேப்பை அப்படியே வைத்திருக்கிறேன். இதில் மெதுவிரல் அவர்களின் கட்சியில்தான் நான் இருக்கிறேன்.

பிளடி பேரன் பகுதியை முடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதன் பிறகு சில மாதங்களுக்கு வேலை அதிகமாக இருக்கும். அந்தக் காலத்தில் தொடங்கி முடித்துவிடக்கூடிய அளவில், ஆனால் ஊரைச் சுற்றித் திரியும் இன்பம் குறையாமல் ஏதாவது இருக்கிறதா?

பதில்: திசைகாட்டி

இருக்கிறது. 2020-இல் வந்த ஸ்பைடர்மேன்: மைல்ஸ் மொராலஸின் முதன்மைக் கதை பத்து மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கட்டடங்களுக்கு நடுவே வலையில் ஊசலாடிப் போவதே அதில் முக்கிய இன்பம் என்பதால், எவ்வளவு இடைவெளி விட்டாலும் இரண்டே நிமிடத்தில் கை பழகிவிடும். அசாசின்ஸ் கிரீட் வரிசை பெரிதாகிக்கொண்டே போனதற்கு மாறாக, 2023-இன் மிராஜ் ஒன்பதாம் நூற்றாண்டின் பாக்தாத் நகரத்தோடு தன்னைச் சுருக்கிக்கொண்டது. பதினைந்து மணி நேர அளவில் கதை முடிந்துவிடும். யக்குஸா வரிசையும் உண்டு. அதில் பலவற்றின் களம் காமுரோச்சோ என்னும் ஒரே ஒரு கேளிக்கைப் பேட்டை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சில நிமிடங்களில் ஓடிவிடலாம், தெருக்களும் விரைவில் மனப்பாடமாகிவிடும். ஆனால் அவற்றின் கதைகள் நீளமானவை, கட்சீன்களும் மிக நீளமானவை. ஒரு மணி நேரக் கணக்கில் ஆடும் உங்களுக்கு அவற்றை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் இருப்பது எந்தக் கன்சோல் என்று குறிப்பிடவில்லை. எக்ஸ்பாக்ஸ் என்றால் மைல்ஸ் மொராலஸ் அதில் கிடைக்காது. மிராஜ் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இரண்டிலும் உண்டு.